‘சீரிஸ் 1’ என்று நம்பி வாங்கிய ஜாகுவார் இ-டைப்: யாராவது முன்பே சொல்லியிருக்கலாம்

பழைய ஜாகுவார் இ-டைப் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்க வேண்டும் என்று காசு சேர்த்துக்கொண்டிருப்பவர்கள் முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். கலிஃபோர்னியாவில் ஒரு தனிநபரிடம் 96,000 டாலருக்குத் திறந்த மேல்பகுதி கொண்ட இ-டைப் ஒன்றை வாங்கினேன். விளம்பரத்தில் ஒரே வரிதான்: ‘1967 சீரிஸ் 1 எக்ஸ்கே-இ ரோட்ஸ்டர், மேட்சிங் நம்பர்ஸ்’ (முக்கிய பாகங்களின் எண்கள் தொழிற்சாலைப் பதிவோடு ஒத்துப்போகின்றன என்று அர்த்தம்). அந்த வரியில் இருந்த ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னாலும் ஐம்பது வருடச் சண்டை ஒன்று இருக்கிறது. அது எனக்கு அன்று தெரியாது. தெரிந்துகொள்ள ஒன்பது மாதமும், கடைசியாகக் கூட்டிப் பார்த்தபோது 29,000 டாலருக்கு மேலும் செலவானது. ராத்திரி தூக்கம் போனதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

முதலில் பெயர்களின் கதை. 1961 மார்ச்சில் ஜெனீவா கண்காட்சியில் ஜாகுவார் இந்தக் காரை அறிமுகப்படுத்தியபோது அதன் பெயர் இ-டைப், அவ்வளவுதான். ‘சீரிஸ் 1’ என்று யாரும் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இல்லை. 1968 அக்டோபரில் பெரிய மாற்றங்களோடு ‘சீரிஸ் 2’ வந்த பிறகுதான் அதற்கு முன்னால் வந்தவை எல்லாம் பின்னோக்கிச் ‘சீரிஸ் 1’ ஆயின. 1971இல் 5.3 லிட்டர் வி12 இன்ஜினோடு ‘சீரிஸ் 3’ வந்தது. அமெரிக்காவில் ஜாகுவாரின் முந்தைய கார்களான எக்ஸ்கே 120, 140, 150 ஆகியவை நன்றாக விற்றிருந்ததால் அங்கே இதே காரை ‘எக்ஸ்கே-இ’ என்றே விற்றார்கள். அதனால் அமெரிக்கக்காரர் ஒருவர் எக்ஸ்கே-இ என்றால் அது வேறு கார் அல்ல, தவறான பெயரும் அல்ல. எக்ஸ்கே 120இலேயே இந்தப் பழக்கம் உண்டு: ஒரே கூடுதல் வசதித் தொகுப்பை இங்கிலாந்தில் ‘எஸ்இ’ என்றும் அமெரிக்காவில் ‘எம்’ என்றும் அழைத்தார்கள். இந்தச் சண்டையில் பணம் போகாது. பணம் போவது அடுத்ததில்.

1967க்கும் 1968க்கும் நடுவில் அமெரிக்க அரசின் புதிய பாதுகாப்பு, புகை விதிகள் வந்தன. 1968 ஜனவரி 1 முதல் அவை கட்டாயம். ஜாகுவார் ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றவில்லை. முதலில் ஹெட்லைட் மேல் இருந்த கண்ணாடி மூடி போயிற்று. கார்புரேட்டரும் டேஷ்போர்டும் அப்போதும் பழையபடியே இருந்தன. சில வாரங்கள் கழித்து அமெரிக்காவுக்குப் போகும் கார்களில் மூன்று எஸ்யூ கார்புரேட்டர்களுக்குப் பதிலாக இரண்டு ஸ்ட்ராம்பெர்க், மேலும் கீழும் தட்டும் டாகிள் சுவிட்சுகளுக்குப் பதிலாக அழுத்தும் ராக்கர் சுவிட்சுகள், கதவின் உள்பக்கம் குழிக்குள் அமர்ந்த கைப்பிடி என்று மாறின. பின்பக்க பம்பரும் விளக்குகளும் மட்டும் பழையவையே. இந்த இடைக்காலக் கார்களுக்குத் தொழிற்சாலை தனிப்பெயர் எதுவும் வைக்கவில்லை. ஆர்வலர்கள்தான் முதல் வகையைச் ‘சீரிஸ் ஒன்றேகால்’ என்றும் இரண்டாவதைச் ‘சீரிஸ் ஒன்றரை’ என்றும் அழைக்க ஆரம்பித்தார்கள். இடதுபக்க ஸ்டியரிங் கொண்ட திறந்த கார்களில் சேசிஸ் எண் (காரின் அடையாள எண்) 1இ15889இலிருந்து ஒன்றேகால், 1இ15980இலிருந்து ஒன்றரை என்பது பொதுவாக ஏற்றுக்கொண்ட கணக்கு. மூடிய விளக்கு, மூன்று கார்புரேட்டர் கொண்ட சீரிஸ் 1க்கும் ஒன்றரைக்கும் சந்தையில் பெரிய விலை வித்தியாசம் இருக்கிறது. அதனால்தான் இந்தப் பெயர்ச் சண்டை இவ்வளவு சூடாக நடக்கிறது.

இதில் ஒரு சிக்கலைக் கவனியுங்கள். ஒன்றரைக் கார்களின் சேசிஸ் எண்ணும் 1இ என்றுதான் தொடங்கும். சீரிஸ் 2 வந்தபிறகே எண் 1ஆர் ஆனது. ஆகவே ‘1இ எண் என்றால் சீரிஸ் 1’ என்று ஒருவர் சொன்னால் அவரைப் பொய்யர் என்று சொல்லிவிட முடியாது. தொழிற்சாலையின் பார்வையில் அது அன்றைய 4.2 லிட்டர் இ-டைப்தான். எனக்கு விற்றவரும் இதையேதான் சொன்னார். உரிமைப் பத்திரத்தில் 1968 என்று இருந்ததைக் காட்டிக் கேட்டேன். ‘அந்தக் காலத்தில் விற்ற வருடத்தைத்தான் பதிவில் போடுவார்கள், கார் 1967இல் கட்டியது’ என்றார். அதுவும் உண்மையான வழக்கம்தான். அமெரிக்காவின் பல மாநிலங்களில் முந்தைய வருடம் கட்டி விற்காமல் நின்ற கார்களை விற்ற வருடத்தில் பதிவு செய்தார்கள். கண்ணெதிரே மூடிய ஹெட்லைட், மூன்று எஸ்யூ, டாகிள் சுவிட்சு எல்லாம் இருந்தன. இரண்டு பாதி உண்மைகளையும் கண்ணால் பார்த்ததையும் சேர்த்து நானாக ஒரு முழு முடிவுக்கு வந்துவிட்டேன். கோபம் அவர்மேல் பாதி என்றால், அவசரப்பட்ட என்மேல் பாதி.

செய்திருக்க வேண்டியது இது. பணம் பேசுவதற்கு முன்பே ஐந்து படங்கள் கேளுங்கள். ஒன்று, முன்பக்கச் சட்டத்தின் வலதுபுறம், ஷாக் அப்சார்பர் மாட்டும் இடத்துக்கு மேலே குத்தியிருக்கும் சேசிஸ் எண். இரண்டு, சேசிஸ், இன்ஜின், கியர்பாக்ஸ், பாடி எண்கள் நான்கையும் சேர்த்துக் காட்டும் தகவல் தகடு. மூன்று, இன்ஜின் பிளாக்கின் வலதுபக்கம் ஆயில் ஃபில்டருக்கு மேலே உள்ள எண். நான்கு, சிலிண்டர் ஹெட்டின் முன்முனையில் அதே எண். ஐந்து, கியர்பாக்ஸின் இடதுபுறத் தோளில் உள்ள எண். 3.8 லிட்டர் இன்ஜின் எண் ‘ஆர்’ என்று தொடங்கும், 4.2க்கு ‘7இ’, சீரிஸ் 2க்கு ‘7ஆர்’, வி12க்கு ‘7எஸ்’. கடைசியில் கோடு போட்டு 8 அல்லது 9 என்று வருவது கம்ப்ரஷன் விகிதம். அதைப் பார்த்து எண் தப்பாக இருக்கிறது என்று பயப்பட வேண்டாம். படம் மங்கலாக இருந்தால், அழுக்கைத் துணியால் துடைத்துவிட்டு மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள். குத்திய எண்ணைச் சுற்றியுள்ள பழைய மேற்பரப்பே ஒரு சாட்சி.

இன்னொன்று. இ-டைப்பின் நடுப்பகுதி தனிச் சட்டம் இல்லாத ஒற்றைக்கூடு, முன்பகுதி மட்டும் குழாய்ச் சட்டம், போல்ட்டு போட்டு மாட்டியது. அந்தக் குழாய்கள் உள்ளேயிருந்து துருப்பிடிக்கும், விபத்தில் வளையும், அதனால் மாற்றுவார்கள். எண் குத்தியிருப்பது அந்தச் சட்டத்தில்தான். சட்டம் புதிதென்றால் எண் இல்லாமலோ மறுபடி குத்தியதாகவோ இருக்கும். அதுவே மோசடி என்று அர்த்தமில்லை. ஆனால் பழைய சட்டத்தின் துண்டோ, வேலை செய்த இடத்தின் ரசீதோ இருக்கிறதா என்று கேளுங்கள்.

அடுத்து, ஜாகுவார் டெய்ம்லர் ஹெரிட்டேஜ் டிரஸ்ட் தரும் சான்றிதழ். தொழிற்சாலைப் பதிவேட்டிலிருந்து சேசிஸ், இன்ஜின், பாடி, கியர்பாக்ஸ் எண்கள், கட்டிய தேதி, அனுப்பிய தேதி, முதலில் போன ஊர் அல்லது விநியோகஸ்தர், வெளி நிறம், உள் நிறம் எல்லாவற்றையும் எடுத்துக் கொடுக்கிறார்கள். வாங்கும் முன் விற்பவரையே எடுத்துத் தரச் சொல்லுங்கள், கட்டணத்தை நீங்கள் தருவதாகச் சொல்லிவிடுங்கள். ‘அதெல்லாம் வாங்கினபிறகு நீங்களே எடுத்துக்கலாம்’ என்று பதில் வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். எனக்கு வந்த பதில் அதுதான், நான் நிறுத்தவில்லை.

எனக்கு உண்மை தெரிந்தது கதவில். உள்ளலங்காரம் நைந்திருந்ததால் சீரிஸ் 1 காருக்கான தோல் உறையும் கதவு அட்டைகளும் 3,400 டாலருக்கு ஆர்டர் செய்தேன். ஆர்டரின் பேரில் தைப்பது, திருப்பித் தர முடியாது. வந்த கதவு அட்டைகளில் கைப்பிடிக்கான துளை ஒரு இடத்தில், என் கதவின் பூட்டுப் பொறி வேறு இடத்தில். தையல் தவறென்று நினைத்து ஒரு வாரம் மின்னஞ்சலில் சண்டை போட்டேன். அவர்கள் பொறுமையாக, ‘உங்கள் சேசிஸ் எண் என்ன?’ என்று மட்டும் கேட்டார்கள். எண்ணைச் சொன்னதும், ‘இது குழிக்கைப்பிடி கொண்ட 1968 கார்’ என்றார்கள். அன்று இரவே பேட்டரியைக் கழற்றிவிட்டு டேஷ்போர்டின் நடுப்பலகையைத் திறந்து பார்த்தேன். மேல் மூலைகளில் இருக்கும் இரண்டு திருகுகளையும் கையாலேயே கழற்றினால் அந்தப் பலகை முன்னால் சாயும். டாகிள் சுவிட்சுகளுக்குப் பின்னால், ராக்கர் சுவிட்சுக்கு வந்த ஒயர்களை வெட்டி வேறு முனை போட்டு ஒட்டியிருந்தார்கள். அபாய விளக்குக்கான ஒயர் எதிலும் சேராமல் டேப் சுற்றித் தொங்கியது. அந்த நேரத்தில் வயிற்றில் வந்த வெறுமையை இப்போது நினைத்தாலும் உணர்கிறேன். எனக்கு முன்னால் வைத்திருந்த யாரோ ஒருவர் ஒன்றரையைச் சீரிஸ் 1 போல மாற்றியிருக்கிறார். சான்றிதழ் வந்தது, கட்டிய மாதம் 1968 மார்ச்.

இப்படி மாற்றுவது அபூர்வமே இல்லை. முன்பானெட் முழுதாகக் கழன்று வருவது, கார்புரேட்டரும் மேனிஃபோல்டும் போல்ட்டில் நிற்பவை, சுவிட்சுப் பலகையும் அப்படியே. காது வைத்த வீல் நட்டு சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டினால் மாறிவிடும். கேம்ஷாஃப்ட் மூடிகள் வழுவழுப்பா வரிவரியா என்று பார்க்கச் சொல்வார்கள், அதையும் பத்து நிமிடத்தில் மாற்றலாம். ஆகவே எளிதில் மாற்றக்கூடியதைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், மாற்றச் சோம்பல்படும் இடங்களைப் பாருங்கள். கதவின் உள்பொறி, டேஷ்போர்டுக்குப் பின்னால் உள்ள ஒயரிங், ஹெட்லைட்டைக் கழற்றினால் தெரியும் உலோக வேலை, எந்த மூலையில் பழைய பெயிண்ட் எந்த நிறம் என்பவை. மாற்றியவர் ஏமாற்றத்தான் மாற்றினார் என்றும் சொல்ல மாட்டேன். மூன்று எஸ்யூ போட்டால் கார் நன்றாக ஓடும், மூடிய விளக்கு அழகு. சொல்லாமல் விற்றால்தான் அது ஏமாற்று.

உள்ளலங்காரத்தோடு நிற்கவில்லை. சீரிஸ் 1 வகை 4.2 லிட்டர் காருக்கான ஒயரிங் ஹார்னஸும் (காரின் மொத்த ஒயர்க் கட்டு) அதற்குள் வாங்கிவிட்டேன். திருப்பி எடுத்துக்கொண்டார்கள், ஐந்தில் ஒரு பங்கைப் பிடித்துக்கொண்டு. காப்பீட்டுக்கு ‘ஒப்புக்கொண்ட மதிப்பு’ வகையில் சீரிஸ் 1 என்றே எழுதியிருந்தேன். மதிப்பீட்டாளரை நானே அழைத்து வந்து மறுபடி பார்க்கச் சொன்னேன், 71,000 டாலர் என்று எழுதிக் கொடுத்தார். மனம் வலித்தாலும் அதைச் செய்துதான் ஆக வேண்டும். காப்பீட்டில் கார் தவறாக விவரிக்கப்பட்டிருந்தால், இழப்பீடு கேட்கும் நாளில் அதையே காரணமாகக் காட்டுவார்கள். விற்றவரிடம் பணம் கேட்டேன். ‘உள்ளபடியே விற்றது’ என்ற ஒப்பந்த வரியையும் 1இ எண்ணையும் காட்டினார். வக்கீல் ஒருவர் இதைப் பார்த்துவிட்டு, ‘சீரிஸ் 1 என்பதற்குத் தொழிற்சாலை வரையறை எதுவும் இல்லையே, எதை வைத்து வாதாடுவது?’ என்றார். பெயர்ச் சண்டை எவ்வளவு நிஜமானது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒப்பந்தத்தில் ‘சீரிஸ் 1’ என்று எழுதாதீர்கள். ‘1967இல் கட்டியது, தொழிற்சாலையிலிருந்தே மூன்று எஸ்யூ கார்புரேட்டர், மூடிய ஹெட்லைட், டாகிள் சுவிட்சு’ என்று எழுதுங்கள். பெயரை மறுக்கலாம், கட்டிய தேதியை மறுக்க முடியாது.

ரோட்ஸ்டர் என்ற சொல்லைப் பற்றியும் கொஞ்சம். ஜாகுவார் இந்தத் திறந்த காரை ‘ஓபன் டூ சீட்டர்’ என்றது, சுருக்கமாக ஓடிஎஸ். கூரை மூடியது ‘ஃபிக்ஸட் ஹெட் கூப்பே’, எஃப்எச்சி. பழைய இலக்கணப்படி ரோட்ஸ்டருக்கு ஏற்றி இறக்கும் கதவுக் கண்ணாடி இருக்காது, இ-டைப்பில் இருக்கிறது, ஆகவே ரோட்ஸ்டர் என்று சொல்லக்கூடாது என்று சிலர் தீவிரமாக வாதாடுவார்கள். ‘டிராப்ஹெட்’ என்று சொன்னாலும் திருத்துவார்கள். அந்தப் பெயர் எக்ஸ்கே கார்களில் உள்துணி வைத்த மடிப்புக் கூரைக்கு உரியது. திருத்துவதில் தவறில்லை, ஆனால் இதை வைத்து யாரும் உங்களிடம் அதிகப் பணம் வாங்க முடியாது.

‘கூப்பே’ என்ற சொல்லில் மட்டும் வாங்க முடியும். 1966இல் வந்த 2+2 காரின் சக்கர இடைவெளி 9 அங்குலம் அதிகம், கதவு நீளம், கூரை உயரம், பின்னால் சின்ன இருக்கை, ஆறு சிலிண்டர் கார்களில் தானியங்கி கியரும் அதில் மட்டும்தான் கிடைத்தது. இரண்டு இருக்கை எஃப்எச்சியைவிட விலை நன்றாகக் குறைவு. விளம்பரத்தில் வெறும் கூப்பே என்று போட்டு, பக்கவாட்டுப் படமே இல்லாமல் விற்பார்கள். இடதுபக்க ஸ்டியரிங் 4.2 கார்களில் ஓடிஎஸ் 1இ10001இலிருந்து, எஃப்எச்சி 1இ30001இலிருந்து, 2+2 1இ75001இலிருந்து. எண்ணில் 1இக்குப் பிறகு வரும் முதல் இரண்டு இலக்கத்தைக் கேட்டாலே விஷயம் முடிந்தது. வலதுபக்க ஸ்டியரிங் என்றால் முறையே 1இ1001, 1இ20001, 1இ50001. 3.8 கார்கள் வேறு வரிசை: வலது ஓடிஎஸ் 850001, வலது எஃப்எச்சி 860001, இடது ஓடிஎஸ் 875001, இடது எஃப்எச்சி 885001. இதைத் தாளில் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள், நான் வைத்திருக்கிறேன்.

‘ஃபிளாட் ஃப்ளோர்’ என்பது இன்னொரு விலையேற்றும் சொல். 1962 தொடக்கம் வரை வந்த கார்களில் காலடித் தரை தட்டையாக இருந்தது, உயரமானவர்களுக்குக் கால் நீட்ட இடமில்லாததால் பிறகு பள்ளம் வைத்தார்கள். அதிலும் முதல் 500 கார்கள் அளவில் பானெட் பூட்டு வெளிப்பக்கம், சாவி போட்டுத் திறக்க வேண்டும். ‘வெளிப்பூட்டு இருந்தால்தான் அது நிஜ ஆரம்பக் கார்’ என்பாரும், ‘தட்டைத் தரை போதும்’ என்பாரும் உண்டு. எப்படியும் இ-டைப் தரை துருப்பிடித்து மாற்றப்படும் பகுதி. தகடு மாற்றும்போது எந்தத் தரையையும் எந்தக் காரிலும் வைத்துவிடலாம், ஆகவே இங்கேயும் எண்ணும் சான்றிதழில் உள்ள தேதியும்தான் பேச வேண்டும்.

உதிரிப்பாகம் வாங்கும்போது பெயர் இன்னும் ஆபத்து. ‘சீரிஸ் 1க்கு பிரேக் பூஸ்டர்’ என்று கேட்டால், 3.8க்கும் 4.2க்கும் வேறு வேறு. 3.8இல் துருத்தி வகை கெல்சி-ஹேய்ஸ், 4.2இல் லாக்ஹீட். 3.8 பாசிட்டிவ் எர்த் (பேட்டரியின் பாசிட்டிவ் முனை காரின் உடலோடு சேர்ந்திருக்கும்), டைனமோ, 4.2 நெகட்டிவ் எர்த், ஆல்டர்னேட்டர். பேட்டரி முனைகளை மாற்றிப் போட்டால் ஆல்டர்னேட்டர் டயோடு எரியும். எஸ்யூ மேனிஃபோல்டு 3.8இல் மூன்று தனி வார்ப்புகள், தண்ணீர்க் குழாய் தனி, 4.2இல் எல்லாம் ஒரே வார்ப்பு. கியர்பாக்ஸும் வேறு: 3.8இல் முதல் கியருக்கு சின்க்ரோ (கியர் உரசாமல் விழ உதவும் அமைப்பு) இல்லாத, ‘மாஸ்’ என்ற பெயருள்ள பெட்டி, 4.2இல் எல்லாக் கியருக்கும் சின்க்ரோ. சீரிஸ் 2இல் பிரேக் காலிப்பர் டன்லப்பிலிருந்து கெர்லிங்குக்கு மாறிவிட்டது. இப்போதெல்லாம் ஆர்டர் செய்யும்போது சேசிஸ் எண், இன்ஜின் எண், காரில் இப்போது நிஜமாக மாட்டியிருக்கும் பாகத்தின் படம், மூன்றையும் அனுப்புகிறேன். மாற்றப்பட்ட கார் என்றால் சேசிஸ் எண் மட்டும் போதாது. என் காருக்கு ஒயரிங் ஒன்றரை வகை, கார்புரேட்டர் சீரிஸ் 1 வகை. ஹெட்லைட் ரப்பர் வாங்க வேண்டுமென்றால் பானெட்டைப் பார்த்துத்தான் கேட்க வேண்டும்.

‘மேட்சிங் நம்பர்ஸ்’ விஷயத்தில் மட்டும் விளம்பரம் சரியாக இருந்தது. பிளாக், ஹெட், கியர்பாக்ஸ், பாடி நான்கும் சான்றிதழோடு ஒத்துப்போயின. ஹெட் மட்டும் மாறியிருந்தால் அந்தச் சொல்லைப் பயன்படுத்தலாமா கூடாதா என்று ஒரு தனிச் சண்டை இருக்கிறது. அலுமினிய ஹெட் அரித்து மாற்றப்படுவது சகஜம், என் கருத்தில் அதைச் சொல்லிவிட்டுத் தாராளமாக விற்கலாம்.

வெட்டிய ஒயர்களுக்குப் பதிலாகச் சரியான ஹார்னஸ் போட்டாயிற்று, அபாய விளக்கு இப்போது எரிகிறது. எஸ்யூவை அப்படியே விட்டுவிட்டேன். என்றாவது விற்கும்போது போட வேண்டிய விளம்பரத்தை இப்போதே எழுதி, சான்றிதழின் பின்னால் வைத்திருக்கிறேன்: ‘ஜாகுவார் 4.2 இ-டைப், ஓபன் டூ சீட்டர், இடதுபக்க ஸ்டியரிங், 1968 மார்ச்சில் கட்டியது, பிளாக், ஹெட், கியர்பாக்ஸ், பாடி எண்கள் தொழிற்சாலைப் பதிவோடு ஒத்தவை. தொழிற்சாலையிலிருந்து இரண்டு ஸ்ட்ராம்பெர்க், திறந்த ஹெட்லைட், ராக்கர் சுவிட்சு. பின்னர் மூன்று எஸ்யூ, மூடிய ஹெட்லைட் பானெட், டாகிள் சுவிட்சு மாட்டப்பட்டவை. கதவுகள் 1968க்கு உரியவை.’